பாட்டாளிக்கு ஒரு பாட்டரங்கு: அது எப்படி இருக்க வேண்டும்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கலைமன்றக் கட்டிடம் எழுப்புவது பற்றி ஆலோசிக்கக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை.)



நாம் ஒரு மன்றம் கட்டப் போகிறோம். பாட்டு, நாடகம், கூத்து, பொதுக்கூட்டம், பிள்ளைகளின் கலைவிழா, எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். உண்டியலில் விழுந்தது ஷிப்டு பார்த்த கையின் காசு. நாற்று நட்ட கையின் காசு. இந்தக் காசில் ஒரு சுவரைத் தப்பாக எழுப்பிவிட்டால் மறுபடி இடித்துக் கட்ட நம்மிடம் வசதி கிடையாது. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுவோம். நல்ல அரங்கு என்றால் என்ன?

வண்ணம் பூசிய முகப்பும், வாசலில் கல்வெட்டும், குளிர்சாதனமும்தான் நல்ல அரங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அவள் கண்ணுக்கு மேடை தெரிய வேண்டும். தீப்பிடித்தால் அவள் உயிரோடு வெளியே வர வேண்டும். அந்த வாசலில் நுழைய அவளுக்கு உரிமையும் வசதியும் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் ஓட்டுக் கட்டிடமும் நல்ல அரங்குதான். இல்லாவிட்டால் பளிங்கு மாளிகையும் வெறும் கிட்டங்கிதான்.

சுரங்கத் தொழிலாளர் கட்டிய அரங்குகள்

உழைப்பவன் தன் காசில் அரங்கு கட்ட முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் பிரிட்டனில் உள்ள தெற்கு வேல்ஸ் பகுதியைப் பார்க்கட்டும். அது நிலக்கரிச் சுரங்கங்களின் பூமி. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் ஊருக்கு ஊர் தொழிலாளர் மன்றங்களை எழுப்பினார்கள். நூற்றுக்கும் மேல் எழுந்தன.

ட்ரியோர்க்கி என்ற ஊரில் 'பார்க்', 'டேர்' என்ற இரண்டு சுரங்கங்களின் தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுனுக்கு ஒரு பென்னி வீதம் கொடுத்தார்கள். அன்றைய கணக்கில் ஒரு பவுன் என்பது 240 பென்னி. அதாவது 240-ல் ஒரு பங்கு! அந்தச் சிறு துளி சேர்ந்து 1892-ல் மன்றமாக எழுந்தது. 1913-ல் அதன் பக்கத்திலேயே பெரிய நாடக அரங்கும் எழுந்தது. அந்த அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 1920-ல் வந்த சட்டப்படி, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்க முதலாளிகளிடமிருந்து வசூலித்துச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அமைத்தார்கள். பல மன்றங்களுக்கு அதிலிருந்தும் உதவி கிடைத்தது.

ஓக்டேல் என்ற ஊரில் 1917-ல் கம்பெனியிடம் கடன் வாங்கி மன்றம் கட்டினார்கள். கடனைத் தொழிலாளர்களே அடைத்தார்கள். கீழ்த்தளத்தில் நூலகம், படிப்பறை, கமிட்டி அறை, மாடியில் பாட்டரங்கு. படிக்கிற இடமும் பாடுகிற இடமும் ஒரே கூரையின் கீழ்! இந்த ஏற்பாட்டை நாமும் மனதில் வைத்துக் கொள்வது நல்லது. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் கட்டிடம் பாழாகிவிடும். தினமும் நாலு பேர் வந்து பத்திரிகை படிக்கும் கட்டிடம் பிழைத்துக் கொள்ளும்.

அந்த மன்றங்களைப் பற்றி நினைக்கும்போது 1957 அக்டோபர் 5-ம் தேதியை மறக்க முடியாது. நீக்ரோ மக்களின் மகத்தான பாடகர் என்று அன்றைய உலகம் கொண்டாடிய பால் ராப்சனுடைய பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசாங்கம் 1950-ல் பறித்துவிட்டது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கலைவிழாவுக்கு அவரை அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை. என்ன செய்தார்கள்? அட்லாண்டிக் கடலடியில் 1956-ல்தான் தொலைபேசிக் கம்பிவடம் வேலைக்கு வந்திருந்தது. அந்த வடத்தின் வழியாக அவர் நியூயார்க்கில் பாட, போர்த்கால் ஊரின் கிராண்ட் பெவிலியன் அரங்கில் கூடியிருந்த ஜனங்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ட்ரியோர்க்கி ஆண்கள் பாடற்குழு பதிலுக்குப் பாட, அவர் அங்கிருந்து கேட்டார். அடுத்த ஆண்டே, 1958-ல், பாஸ்போர்ட் அவர் கைக்குத் திரும்பி வந்தது. மேடையில் பாடகரே இல்லை. ஆனாலும் அது மகத்தான கச்சேரி. அரங்குக்கு உயிர் கொடுப்பது அங்கே கூடுகிற ஜனங்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

காது என்ன கேட்கிறது?

இப்போது கட்டிட விஷயத்துக்கு வருவோம். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் ஓடும். பாடகர் வாயிலிருந்து புறப்பட்ட ஒலி நேரே நம் காதுக்கும் வருகிறது. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பியும் வருகிறது. திரும்பி வருவது உடனே வந்தால் முதல் ஒலியோடு சேர்ந்து அதற்குப் பலம் கொடுக்கும். பேச்சில் வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்து, பலமாகவும் வந்தால் அது தனி ஒலியாகக் கேட்கும். அதுதான் எதிரொலி. இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஒலி 17 மீட்டர் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

லண்டனில் 1871-ல் திறந்த ஆல்பர்ட் அரங்குக்குப் பிரம்மாண்டமான கவிகைக் கூரை. பார்க்க அழகு. ஆனால் மேலே போன ஒலி தாமதமாகத் திரும்பி வந்து, பாடியதே இரண்டு தரம் கேட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் போராடி, கடைசியில் 1969-ல் கூரையிலிருந்து பெரிய வட்டத் தட்டுகளைக் காளான் போலத் தொங்கவிட்ட பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது. ராணி திறந்த அரங்குக்கே இந்தக் கதி என்றால், நம் காசில் கட்டும் மன்றத்துக்கு வளைவுக் கூரை எதற்கு?

இந்த விஷயத்தை விஞ்ஞான ரீதியாக முதலில் அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குச் சுமார் ஐந்தரை வினாடி பிடித்தது. அதற்குள் பத்துச் சொற்கள் அதன்மேல் ஏறிக் கொண்டன. சபைன் என்ன செய்தார்? ஊர் அடங்கிய இரவு நேரத்தில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. அந்தக் கணக்கைக் கொண்டு அமைத்ததுதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கு. இன்றும் உலகத்தின் சிறந்த பாட்டரங்குகளில் ஒன்று அது.

சபைனின் கணக்கு நமக்கும் எட்டாத ஒன்றல்ல. கூடத்தின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பொருளின் அளவால் வகுத்தால், முழக்கம் எத்தனை வினாடி நிற்கும் என்று தெரிந்துவிடும். ஒலியை விழுங்குவதற்கு அவர் வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியாகப் போன ஒலி திரும்புவதில்லை; அது ஒரு பங்கு.

நம் மன்றம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வைத்துக் கொள்வோம். அடிக் கணக்கில் சுமார் 66, 33, 20. கன அளவு 1,200. சிமெண்டு பூசிய சுவர், சிமெண்டுத் தரை, காங்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து விழுங்குவது உத்தேசமாக 23 பங்குதான். ஆள் இல்லாமல், ஜன்னலைச் சாத்திவிட்டால் முழக்கம் சுமார் எட்டு வினாடி நிற்கும். கிணற்றுக்குள் பேசுவது போல் இருக்கும். ஆனால் மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை விழுங்கும். ஒருவருக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு. 250 பேர் உட்கார்ந்து, 20 சதுர மீட்டர் ஜன்னலையும் திறந்து வைத்தால் முழக்கம் ஒன்றேகால் வினாடியாக இறங்கிவிடும். பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ற அளவு! ஐம்பது பேரே வந்து, ஜன்னலும் சாத்தியிருந்தால் மறுபடி நாலு வினாடிக்கு மேல் போய்விடும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, வரும் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் கட்ட வேண்டும். பெருமைக்காகப் பெரிதாகக் கட்டினால் கெட்டது. இரண்டாவது, நம் ஊர் வெயிலுக்கு வேண்டிய ஜன்னலே காதுக்கும் வேண்டியது. அதைத் தாராளமாக வைக்கலாம். மூன்றாவது, கூட்டம் குறைந்த நாளுக்காகப் பின்சுவரில் ஒலியை விழுங்கும் ஏற்பாடு வேண்டும்.

நீள அகலத்திலும் ஒரு பாடம் உண்டு. வியன்னா நகரத்தில் 1870-ல் திறந்த இசைச் சங்க அரங்கு ஒரு பெட்டி போன்றது. அகலம் சுமார் 19 மீட்டர்தான். நெருக்கமான பக்கச்சுவர்களிலிருந்து ஒலி சீக்கிரம் திரும்பி, இருபுறமும் நம்மைச் சூழ்ந்து கொள்கிறது. அகலமான விசிறி வடிவக் கூடத்தில் இந்தச் சுகம் குறையும்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செலவு குறைவு என்று தகரம் போட்டால் மழை நாளில் பாட்டு கேட்காது. கோடையில் உள்ளே இருக்க முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வேண்டாம். அதன் தூசி எந்த வகையானாலும் புற்றுநோய் தரக்கூடியது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. பஞ்சுத் தூசியில் நாள் முழுதும் மூச்சுவிட்டவனுக்குச் சாயங்காலம் வேறொரு தூசியா?

ஒலிபெருக்கியும் நம் காதும்

தறியிலும் நூற்பிலும் வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியும், இயந்திர இரைச்சல் காதை எப்படிக் கெடுக்கிறது என்று. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு. பாட்டு நடக்கும் இடங்களுக்கு உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022-ல் ஒரு வரம்பு வகுத்தது: கால்மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. இதுவே உச்சபட்சம். பக்கத்தில் இருப்பவர் காதோரம் கத்த வேண்டிய நிலை வந்தால் சத்தம் அளவை மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பெரிய பெட்டியை முன்னால் வைத்து அலறவிட்டால் முன்வரிசைக் குழந்தையின் காது போகும். பின்வரிசைக்குச் சொல் விளங்காது. சிறிய பெட்டிகளை உயரத்தில் மாட்டி, ஜனங்களை நோக்கிச் சற்றே கீழே சாய்த்து வைத்தால் குறைந்த சத்தத்தில் தெளிவு கிடைக்கும். கூடத்தின் குறையை மைக் தீர்க்கும் என்று நம்பிவிடாதீர்கள். முழங்குகிற கூடத்தில் மைக் வைத்தால் முழக்கம்தான் பெரிதாகும்.

திறந்தவெளியில் நிகழ்ச்சி வைப்பதானால், 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசாங்கம் விலக்குத் தரலாம். கூத்து விடியவிடிய நடக்கும் ஊரில் இதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். மைக் இல்லாத கூத்துக்கும் இடம் வைப்போம். நம் முன்னோர்கள் அப்படித்தானே பார்த்தார்கள்?

உயிரோடு வெளியே வர வேண்டும்

தோழர்களே, இனிச் சொல்லப் போவது கசப்பான விஷயம். ஆனால் இதைத்தான் முதலில் எழுதிக் கொள்ள வேண்டும்.

1903 டிசம்பர் 30. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இரோக்வா நாடக அரங்கு. திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்த கட்டிடம். பகல் காட்சியில் தீப்பிடித்தது. பல வாயில்கள் பூட்டிக் கிடந்தன. 600-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் சட்டம் பொருத்திய கதவு அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. 1908-ல் அது கடைக்கு வந்தது.

அது வெகுதூரம், வெகுகாலம் முன்பு என்று சொல்வீர்களா? 1997 ஜூன் 13. தில்லியின் உப்ஹார் சினிமா. கீழ்த்தளத்தில் மின்மாற்றி தீப்பிடித்துப் புகை மேலே ஏறியது. மாடியில் கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மாண்டார்கள். நாலு டிக்கெட் அதிகம் விற்பதற்காக அடைத்த வழி அது!

2003 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு பாட்டு விடுதி. சத்தம் வெளியே போகிறதென்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால் சுவரில் மலிவான ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். மேடையில் கொளுத்திய மத்தாப்புப் பொறி அதில் பட்டது. 100 பேர் மாண்டார்கள். பெரும்பாலான ஜனங்கள் வந்த வாசலுக்கே ஓடி அங்கே நெருக்கித் தள்ளிக் கொண்டார்கள். வேறு வழிகள் இருந்தும் கண்ணில் படவில்லை.

பின்சுவரில் ஒலியை விழுங்கும் ஏற்பாடு வேண்டும் என்று சற்று முன் சொன்னேன். ஆனால் அது ஸ்பாஞ்சாகவோ வைக்கோலாகவோ இருக்கக் கூடாது. பாறை இழைப் பஞ்சு, கண்ணாடி இழைப் பஞ்சு போன்றவை எளிதில் எரியாதவை; துளையிட்ட பலகைக்குப் பின்னால் அவற்றை அடைக்கலாம். அந்தப் பலகையும் எளிதில் தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டும். துளைச் செங்கல் சுவரே எழுப்பினால் இன்னும் நல்லது.

கதவுகள் எதிர் எதிரே வெவ்வேறு பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது ஒன்றுகூடப் பூட்டப்படக் கூடாது. நடைவழியில் ஒரு நாற்காலியும் போடக் கூடாது. கரண்டு போனாலும் வழி தெரிய பேட்டரி விளக்கு வேண்டும். இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வாசலில் எழுதி, அதற்கு மேல் ஒருவரையும் விடக் கூடாது. மந்திரி வந்தாலும் சரி, நடிகர் வந்தாலும் சரி! தொண்டர்களில் இருவர் பாட்டைக் கேட்காமல் கதவருகிலேயே நிற்க வேண்டும். இந்த வேலை மேடை வேலையை விடப் பெரிது.

யாருக்குக் கதவு திறக்கிறது?

லண்டனில் 1951 மே மாதம் ராயல் பெஸ்டிவல் அரங்கு திறக்கப்பட்டது. யுத்தத்தில் குண்டு விழுந்து நொறுங்கிய நகரத்தில், நகர சபை பொதுப் பணத்தில் கட்டிய அரங்கு. பக்கத்திலேயே ரயில் பாலம். ரயில் சத்தம் பாட்டைக் கெடுக்காதிருக்க அரங்கைத் தூண்கள்மேல் உயரத் தூக்கி வைத்து, சுற்றிலும் கூடங்களால் பொதிந்தார்கள். பெட்டிக்குள் முட்டை வைத்தது போல! ரயில் சத்தத்தை அடக்கினார்கள். ஆனால் பாட்டு சற்று வறண்டு ஒலித்தது. 1964 முதல் கூரைக்குள் மறைவாக மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்துச் சரிக்கட்டினார்கள். பிறகு 2007-ல் முடிந்த பெரிய பழுதுபார்ப்பில் உள்ளமைப்பையே திருத்தினார்கள். ஆரம்பத்தில் விட்ட குறையை நிவர்த்திக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அரங்குக்குக் கீழே இருந்த விசாலமான முன்கூடங்கள் வெகுகாலம் நிகழ்ச்சி நேரத்தில் டிக்கெட்காரர்களுக்கே பயன்பட்டன. 1983-ல் பெருநகர் லண்டன் கவுன்சில் அவற்றை நாள் முழுதும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. காசு இல்லாதவன் வந்து உட்காரலாம். இலவசப் பாட்டுக் கேட்கலாம். அந்தக் கதவைத் திறந்ததற்குச் செங்கல் செலவில்லை. ஒரு தீர்மானம்தான் செலவு.

நம் ஊரில் அந்தத் தீர்மானத்துக்கு வேறு அர்த்தமும் உண்டு. பறையடிப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்தி அடிக்கச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. இருக்கும் இடங்களும் உண்டு. நம் மன்றத்தில் பறை மேடையில் முழங்க வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் கிடைக்கும் அதே மேடை, அதே விளக்கு, அதே மரியாதை, நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே அதே கையில் கூலி. சேரிக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒரு பக்கம் என்று பாய் விரித்தால் அந்தக் கூடத்தின் ஒலியமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கெட்ட அரங்குதான்.

பெண்களை எடுத்துக் கொள்ளுங்கள். கழிப்பறை இல்லாத அரங்குக்குப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் தவிப்பார்கள். வெளிச்சமும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, குடிதண்ணீர், பால் கொடுக்க ஒரு மறைவிடம், பெண் கலைஞர்கள் வேஷம் கட்டத் தனியறை, கால் ஊனமுற்றோர் ஏறச் சாய்தளம், இவையெல்லாம் 'பின்னால் பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளக் கூடியவை அல்ல. அஸ்திவாரம் தோண்டும்போதே வரைபடத்தில் இருக்க வேண்டும். அதே போல், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். வீடு திரும்ப வழியில்லாதவனுக்கு இலவச டிக்கெட்டும் பிரயோஜனமில்லை.

கட்டிய பிறகு?

வேல்ஸ் மன்றங்களின் கதையில் ஒரு துக்கமும் உண்டு. சுரங்கங்கள் மூடப்பட்டன. 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடுவது வேகமாக நடந்தது. சம்பளம் நின்றது, பென்னியும் நின்றது. எத்தனையோ மன்றங்கள் விற்கப்பட்டன, இடிக்கப்பட்டன. ஓக்டேல் மன்றம் 1987-ல் மூடப்பட்டு, கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, கார்டிப் நகருக்கருகே அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டப்பட்டு 1995-ல் திறந்தது. ஆனால் நியூபிரிட்ஜ் ஊரில் 1924-ல் கட்டிய நினைவு மண்டபத்தை ஊர் ஜனங்களே விடாமல் முயன்று நிதி திரட்டிப் புதுப்பித்துக் காப்பாற்றினார்கள்.

இதன் பாடம் என்ன? ஒரே ஆலையின் சம்பளத்தை மட்டும் நம்பி மன்றம் நிற்கக் கூடாது. ஆலை மூடினாலும் ஊர் இருக்கும். ஆகவே மன்றம் ஊருடையதாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குக் குறைந்த வாடகை, பிள்ளைகளுக்கு மாலைப் பாடசாலை, வாரம் ஒரு சினிமா, மாதம் ஒரு கச்சேரி என்று வருஷம் முழுதும் பயன்பட வேண்டும். வரவில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும். கணக்கை வருஷா வருஷம் சுவரில் ஒட்ட வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் பெண்களும் வயல் வேலைக்காரர்களும் இருக்க வேண்டும்.

தோழர்களே! ஒரு யோசனையோடு முடிக்கிறேன். கட்டுவதற்கு முன்னால் அந்த மனையில் நூல் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாமே ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்போம். மேடை இருக்கும் இடத்தில் ஒருவர் நின்று பாடட்டும். கடைசிக் கோட்டில் நம் தாய்மார்கள் தரையில் உட்காரட்டும். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதா? ரோட்டு லாரிச் சத்தம் வருகிறதா? கதவு வரப்போகும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு எத்தனை எட்டில் போக முடிகிறது? இதற்கு ஒரு பை சுண்ணாம்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் செலவு. அன்று தாய்மார்கள் 'இங்கே சரியில்லை' என்று சொன்னால், கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடுவோம். சுவரை அழிப்பதைவிட அது சுலபம்.